ஈரம் காயாத பச்சை

பொங்கலுக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் நீலம் கலந்த வெள்ளைதான். டைப்பிஸ்ட் வேலை பார்க்கும் எனக்கோ, பிறந்த ஊரான வாசுதேவநல்லூரின் நாற்றங்கால் பச்சை வேண்டும் என்று ஆசை. சுண்ணாம்பில் பச்சைப் பொடியை நானே கலந்து, வெள்ளையடிக்க வந்தவரிடம் கொடுத்தேன்.

முன்னறையை அடித்து முடித்ததும் எனக்கே திக்கென்றது. அத்தனை கரும்பச்சை! பார்க்க வந்த கணவரின் அண்ணன், “ஏம்மா, பாசி புடிச்ச கிணத்துக்குள்ளயா குடியிருக்கப் போற? மேல வெள்ளைய அடிக்கச் சொல்லு” என்றார். பயந்துபோய்த் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் ஒரு சுவர் வெள்ளையாகிவிட்டது. மற்ற மூன்றும் காய்ந்து, நான் ஆசைப்பட்ட அதே இளம்பச்சையில் நின்றன.

“அண்ணாச்சி, நிறுத்துங்க!”

வெள்ளையடிப்பவர் திரும்பினார். “காஞ்சா வெளுக்கும்னு நேத்தே சொல்ல வந்தேம்மா. பெரியவுக பேசவிடலியே.”

“இனி நான் பேசுதேன். மிச்சத்தைத் தொடாதிய.”

இப்போதெல்லாம் சுவர் காயும்வரை யார் அபிப்பிராயத்தையும் நான் காதில் வாங்குவதில்லை. பச்சைச் சுவரில் நானே வரைந்த வயல் படம் தொங்குகிறது. வெள்ளைச் சுவரை மொட்டையாக விட்டிருக்கிறேன். கணவரின் அண்ணன் வந்தால், அதைப் பார்த்தபடிதான் அவருக்கு நாற்காலி போடுகிறேன்.