சாக்குக் கட்டிய தொழுவம்

பேராச்சி அத்தை பம்பாயில், ஆண்டாப் ஹில்லில் ஒரு எருமைத் தொழுவத்தில் பதினோரு வருடம் சாணி அள்ளினாள். தாராவியிலிருந்து நடந்தே போவாள். யுத்தம் வந்ததும் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று ஜன்னல்களில் சாக்குகளைக் கட்டினார்கள். யுத்தம் முடிந்த பிறகும் அவிழ்க்கவில்லை. குளிர்காற்றுப் பட்டால் பால் குறையும் என்றார் முதலாளி. உள்ளே மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். வைக்கோலை உதறினால் தூசியில் எதிரில் நிற்பவர் தெரியாது. நான் ஒருமுறை போய்விட்டு உடனே வெளியே வந்திருக்கிறேன்.

நாற்பத்தாறில் அத்தைக்கு இருமல் நிற்கவே இல்லை. எங்கள் வளவு வீடுகளில் சயரோகம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். குழாயடி வரிசையில் அவள் குடத்தை மட்டும் தனியே ஒதுக்கினார்கள். அவள் வீட்டிலிருந்து படித்து அந்த வருடம்தான் நான் பி.ஏ. தேறியிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார். சயரோகம் இல்லை. தொழுவத்துக் காற்றுதான் நெஞ்சைக் கெடுத்திருக்கிறது. அங்கே போவதை நிறுத்தாவிட்டால் தேறாது.

“என்னல சொல்லுதாரு?”

“சயரோகம் இல்லையாம், அத்தை.”

அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். “அந்தக் கோமதிகிட்டப் போயி மொதல்ல இதச் சொல்லணும். எங் கொடத்தக் காலால தள்ளுனால்லா! பி.ஏ. படிச்ச மருமகன் சொன்னா அவ வாயப் பொத்தித்தான் ஆவணும்.” சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

அன்று சாயங்காலம் வளவு முழுக்கப் பொரிகடலை கொடுத்தாள். குடம் வரிசைக்குத் திரும்பியது. மீதியை மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் அவள் தொழுவத்துக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த நாளும் போனாள். நெஞ்சு கெட்டிருப்பது தெரிந்தால் குடத்தை மறுபடி ஒதுக்குவார்கள் என்று பயந்தேனா, அவள் வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்று பேசாமல் இருந்தேனா? எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள், குழாயிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் குடத்தை இறக்கி வைத்தாள். மூன்றாவது இடத்தில், டாக்டர் சொன்ன மீதியைச் சொன்னேன்.

“அன்னைக்கே சொன்னாராக்கும்?”

“ஆமா, அத்தை.”

மூச்சு அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சரி, கொடத்தத் தூக்கு” என்றாள்.

தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் பின்னால் வந்தாள்.