அக்னி மூலை ரவுட்டர்

குண்டூரில் மிளகாய் ஏற்றுமதி செய்யும் அந்த அலுவலகத்தில் நெட் நின்றால் நாகமல்லேஸ்வரியைக் கூப்பிடுவார்கள். நெட் ஓடினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பிரிண்டர் தாளைக் கசக்கினாலும், கீபோர்டில் மிளகாய்த் தூள் அடைத்துக்கொண்டாலும், முதலாளியின் பேரன் செல்ஃபோனின் பூட்டு எண்ணை மறந்தாலும் "மல்லி!" என்றுதான் குரல் வரும். பதினோரு வருடம் வாசல் மேசையில் உட்கார்ந்து ஃபோன் எடுத்தவள் அவள். வேலை முடிந்து வகுப்புக்கு ஓடி, இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை நெட்வொர்க் தேர்வில் தேறினாள். சென்ற வருடம்தான் ஹாலின் நடுவே 'சிஸ்டம்' மேசை கிடைத்தது. சம்பளம் அப்படியொன்றும் ஏறிவிடவில்லை. ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் மோர் சொல்லிவிட்டு, "சார் மீட்டிங்ல இருக்காருங்க" என்று பொய் சொல்லும் பிழைப்பு தீர்ந்தது.

அந்த மேசைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை முதலாளி கோடேஸ்வர ராவ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை தாய்லாந்துக்காரர்கள் வீடியோவில் சரக்கு பார்க்கப் போகிறார்கள். மிளகாயை ஒடித்து நிறம் காட்ட வேண்டும், காம்பைக் காட்ட வேண்டும், விதையைக் கொட்டிக் காட்ட வேண்டும். போன தடவை அவர் மிளகாயைத் தூக்கிப் பிடித்து வாயைத் திறந்த இடத்தில் படம் நின்றுபோனது. நாலு நிமிடம் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் சிரித்த சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இந்தத் தடவையும் படம் நின்னுச்சுன்னா, இந்த வேலைய வெளியாளுக்குக் குடுத்துடுவேன் மல்லி. நீ பழையபடி வாசல்ல உக்காந்து ஃபோன் எடு. உனக்கு அதுதான் நல்லா வரும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. லேப்டாப்பை ரவுட்டரில் நேராக வயர் போட்டுச் சொருகினாள். வேகம் நூறு எம்.பி. வந்தது. வயரைப் பிடுங்கி வைஃபையில் பார்த்தாள். இரண்டு அடி தள்ளி நின்றால் நாற்பது, ஹாலில் பன்னிரண்டு, வடக்குக் கோடியில் சாம்பிள் மேசை இருக்கும் அறையில் ஒன்றரை. வருகிற நெட்டில் குறை இல்லை. ரவுட்டர் இருக்கிற இடத்தில்தான் குறை.

ரவுட்டர் தென்கிழக்கு மூலையில், சமையல் மேடையை ஒட்டிய சுவர் மாடத்துக்குள் இருந்தது. மின்சாரத்தில் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, தொட்டால் சுடுகிறது, ஆகவே அது அக்னி, அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டடம் கட்டிய நாளிலேயே முடிவாகிவிட்டது. அது போதாதென்று, அந்த மூலையில் வாசற்படி தோஷம் இருக்கிறதென்று மாடத்தின் முகப்பில் தட்டு அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு அறைந்திருந்தார்கள். தகட்டில் மீன் யந்திரம். தசராவுக்குத் தசரா அதற்கு மஞ்சளும் குங்குமமும். செம்பைத் தாண்டி அலை எப்படி வரும்? ரவுட்டரைச் சிறையில் போட்டுவிட்டு, ஏன் வெளியே வரவில்லை என்று தன்னைக் கேட்கிறார்கள் என்று நினைக்க நினைக்க மல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கும் மஸ்தான்வலிதான் அவள் புலம்பலைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள்.

"அந்தத் தகட்ட மட்டும் கழட்டிட்டா போதும் மஸ்தான்."

"கழட்டுக்கா. அப்புறம் சார் உன்னயக் கழட்டுவாரு. அந்தத் தகடு அடிச்ச வருசந்தான் சீனாக்காரன் ஆர்டர் வந்துச்சாம். தெனம் ரெண்டு வாட்டி சொல்றாரு."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"சாம்பிள் மேசையத் தூக்கி ரவுட்டர் பக்கத்துல போட்டுரு."

"மிளகாய அக்னி மூலையிலயா? அதுக்கும் ஏதாவது சொல்லுவாரு."

மேல் மாடியில் ஒரு கோச்சிங் சென்டர் இருந்தது. அவர்களுடைய வைஃபை மட்டும் பதினாறு இருந்தன, எல்லாம் ஒரே சேனலில் முட்டிமோதின. மல்லி தன்னுடையதைக் காலியான சேனலுக்கு மாற்றினாள். ஒன்றரை, மூன்றாயிற்று. ஆன்டெனாவைத் திருப்பினாள், படுக்க வைத்தாள், நிமிர்த்தினாள். மூன்று, மூன்றேகால் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை தன் கைக்காசில், அலையை வாங்கி அடுத்த அறைக்குத் தள்ளிவிடும் ஒரு ரிப்பீட்டர் வாங்கி வந்து ஹாலின் வடகிழக்குப் பக்கம் சொருகினாள். சாம்பிள் அறையில் பதினெட்டு வந்தது. அவள் ஒரு கப் டீயை நிம்மதியாகக் குடித்து முடிப்பதற்குள் முதலாளியின் சத்தம் கேட்டது.

"ஈசான்யத்துல யாரு இந்த நெருப்ப வச்சது? சிவப்பு லைட்டு எரியுது பாரு! குடும்பம் விளங்குமா?"

தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார். சாம்பிள் அறை மறுபடி மூன்றேகாலுக்கு இறங்கியது. மல்லி கழிவறைக்குப் போய் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். துக்கம் பாதி, எரிச்சல் மீதி. படித்தது ஒரு பக்கம், பிழைப்பது ஒரு பக்கம் என்று ஆகிவிட்டதே என்ற ஆத்திரம்.

புதன்கிழமை மாலை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவள் நேராக சித்தாந்தியின் வீட்டுக்கே போனாள். அவர்தான் முதலாளிக்கு வாஸ்து பார்ப்பவர், ரவுட்டருக்கு அக்னி மூலையைக் குறித்தவர், அந்தத் தகட்டையும் அடித்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அலை, சேனல் என்றெல்லாம் பேசக்கூடாது என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தாள்.

"அய்யா, எங்க ஆபீஸ்ல ஒரு பெட்டி இருக்குங்க. எதையும் சுடவைக்காது, எதையும் எரிக்காது. பேசுற சத்தத்தையும் படத்தையும் வயரே இல்லாம தூக்கிட்டுப் போகும். அது அக்னியா, வேறயாங்க?"

"சத்தத்தயா?" என்றார் சித்தாந்தி. கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. "சத்தம் ஆகாசத்தோட குணமில்லையாம்மா? அத எந்த மடையன் அக்னியில வச்சான்?"

நீங்கள்தான் என்று நாக்கு நுனிவரை வந்ததை மல்லி விழுங்கினாள்.

"அப்ப எங்க வைக்கணுங்க?"

"ஆகாசத்துக்கு எடம் பிரம்மஸ்தானம். நடுவீடு. தரையில வைக்காத, ஒசரத்துல கட்டு."

மல்லிக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. ஹாலின் நடுவில், கூரையில், எந்தத் தடுப்பும் இல்லாமல்! அவள் படித்த புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. "நீங்களே வந்து சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கய்யா" என்று கெஞ்சினாள்.

வியாழக்கிழமை அவர் வந்தார். முதலாளி எதிர்கேள்வி கேட்கவில்லை. மல்லியே ஏணியில் ஏறி, வயர் இழுத்து, ஹாலின் நட்ட நடுவே கூரையில் ரவுட்டரைப் பொருத்தினாள். காலியான மாடத்தின் முன்னால் தகடு அப்படியே இருந்தது. சாம்பிள் அறையில் எழுபத்தைந்து வந்தது. மஸ்தான்வலி மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டான். சித்தாந்தி கூரையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், முதலாளியைத் தனியே அழைத்துப்போய் ஏதோ பேசினார். மல்லி ஏணியை மடக்குவதில் இருந்தாள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளி அறை அறையாக நடந்தார். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மிளகாய் ஒடிகிற சத்தம் தாய்லாந்து வரை கேட்டது. நாலு கன்டெய்னருக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வந்தது. மல்லி இரண்டு பஜ்ஜியோடு தன் இடத்துக்குத் திரும்பியபோது, இரண்டு லோடுமேன்கள் அவள் மேசையை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"வாசலுக்கும்மா. சார் சொன்னாரு."

முதலாளி சிரித்த முகமாக வந்தார். "பிரம்மஸ்தானத்துக்குக் கீழ பாரம் இருக்கக்கூடாதாம் மல்லி. மேசை, ஆளு எதுவுமே ஆகாதாம். சித்தாந்திகாரு கண்டிப்பா சொல்லிட்டாரு. வாசல்ல எடம் காலியாத்தான் கெடக்கு. நெட்டுதான் சரியாயிடுச்சே, இனிமே சிஸ்டத்துல என்ன பெரிய வேல இருக்கு?"

"சார்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. "படம் நின்னா வாசலுக்குப் போன்னு சொன்னீங்க. படம் நிக்கல. நெட்ட சரி பண்ணது நான்."

கோடேஸ்வர ராவ் கோபப்படவில்லை. அவள் தோளில் அன்பாகத் தட்டினார்.

"இல்லன்னு யாரும்மா சொன்னா? சித்தாந்திகாருவப் போயி கூட்டிட்டு வந்தது நீதானே?"

பதில் சொல்ல மல்லி வாயைத் திறந்தாள். லோடுமேன்கள் மேசையை வாசல்படியில் சாய்த்து வெளியே தள்ளினார்கள், உள்ளே ஒருத்தன் "ஆகா, என்னா ஸ்பீடு!" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.