ரெஃபர் என்று எழுதிய அட்டை

பினாங்குக்கு வந்த புதிதில், காலையில் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மேரி அக்கா, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்பார். நாங்கள் பட்டினி கிடப்பதாக நினைக்கிறாரோ என்று எனக்குச் சங்கடமாக இருக்கும். காலை உணவு ஆயிற்றா என்பதைத்தான் இங்குள்ள தமிழர்கள் அப்படிக் கேட்கிறார்கள் என்பது புரிய ஒரு மாதம் ஆனது. திருச்சியிலிருந்து வந்தவனுக்கு இங்கே தமிழிலேயே தடுமாற்றம். மலாய் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. ஆங்கிலம் மட்டும் என்னைக் கைவிடாது என்று நம்பியிருந்தேன்.

எங்கள் மகள் ஆதிரை இங்கேதான் பிறந்தாள். மறுநாள் ஒரு நர்ஸ் அவள் காதில் சிறு குமிழ் ஒன்றைப் பொருத்தி, கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, மலாயும் ஆங்கிலமுமாக வேகமாக ஏதோ சொன்னார். "நெக்ஸ்ட் மன்த் டாத்தாங் லாகி யா, என்சிக்" என்பது மட்டும் பிடிபட்டது. என்சிக் என்றால் ஐயா; அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்கிறார். தடுப்பூசிக்கு எப்படியும் வரத்தானே போகிறோம் என்று தலையாட்டினேன். அவர் தந்த அட்டையில் இரண்டு காதுக்கும் நேராக 'ரெஃபர்' என்று இருந்தது.

"ரெஃபர்னா என்னங்க?" என்று என் மனைவி வசந்தி கேட்டாள்.

"சும்மா ரெக்கார்டுக்கு எழுதியிருப்பாங்க. ஃபெயில்னா ஃபெயில்னுதானே போடுவாங்க?"

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தேறும், அல்லது தேறாது. மூன்றாவது சொல் கிடையாது. தடுப்பூசிக்குப் போனது வீட்டருகே வேறொரு கிளினிக்குக்கு. அட்டை பீரோவுக்குள் போயிற்று.

இரண்டு வயது தாண்டியும் ஆதிரை பேசவில்லை. வீட்டில் தமிழ், குழந்தைகள் காப்பகத்தில் மலாய், கீழ்வீட்டுச் சீனப் பாட்டியிடம் ஹொக்கியன். மூன்று மொழியில் பிள்ளை குழம்புகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். திருச்சியில் என் அக்கா மகன் மூன்று வயதுக்கு மேல்தான் வாய் திறந்தான். இப்போது அவன் வாயை மூட முடியவில்லை என்று அக்கா போனில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

சீனப் புத்தாண்டுக்கு எங்கள் குடியிருப்பின் வாசலில் நீளச் சரவெடி கட்டிக் கொளுத்தினார்கள். அங்கிருந்த குழந்தைகளெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. ஆதிரை முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற மேரி அக்கா வெகுநேரம் அவளையே பார்த்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க லா. புள்ளைக்குக் காது கேக்குதான்னு செக் பண்ணீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதெல்லாம் பிறந்தப்பவே பாத்தாச்சு" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். அதன்பிறகு சில வாரங்கள் லிஃப்டில் அவரைப் பார்த்தால் போனைப் பார்ப்பேன். வசந்திதான் எனக்குத் தெரியாமல் அவரோடு போய், செவித்திறன் பரிசோதனைக்கு நாள் வாங்கி வந்தாள்.

அந்த நாளில் நானும் உடன் போனேன். பரிசோதித்த மலாய்ப் பெண்ணுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். எல்லாம் முடிந்ததும் பழைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ரெஃபர் மீன்ஸ் நாட் பாஸ், என்சிக். மஸ்ட் டெஸ்ட் அகெய்ன். நோபடி டோல்ட் யூ?"

சொன்னார்கள் என்றேன்.

பிறகு டாக்டர், கேட்கும் நரம்பே சரியாக வளரவில்லை, கருவியோ அறுவை சிகிச்சையோ பெரிய பயன் தராது என்றார். முன்பே வந்திருந்தாலும் காது கேட்டிருக்காது. ஆனால் கைக்குழந்தையிலேயே சைகை மொழியைத் தொடங்கியிருக்கலாம், இரண்டு வருடம் மொழியே இல்லாமல் இருந்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வசந்தி என்னைத் திட்டவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "தினம் பாட்டுப் பாடித்தானே தூங்க வெச்சேன்" என்றாள். பிறகு, "என் முகத்தை ஏன் அப்படிப் பாத்துக்கிட்டே இருந்தாள்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை மேரி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து, "இங்க சைகை சொல்லித் தர எடம் இருக்கு தம்பி. நான் கேட்டு வெச்சிட்டேன்" என்றார்.

இப்போது ஆதிரைக்கு நான்கு வயது. அவள் கற்பது மலேசியச் சைகை மொழி. வசந்தி சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். என் விரல்கள் இன்னும் திக்குகின்றன. "இங்க வந்துடுடா, நம்ம ஊர்ல இல்லாத டாக்டரா?" என்று அக்கா அழைத்தபடி இருக்கிறாள். விசாரித்துப் பார்த்தேன். அங்குள்ள சைகை மொழி வேறு. போனால் ஆதிரை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கேயே இருக்கலாம் என்றால், வேலை அனுமதியை வருடாவருடம் யாரோ புதுப்பித்தால்தான் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை எஸ்பிளனேட் கடலோரச் சுவரருகே நின்றிருந்தோம். தூரத்தில் கப்பல் ஒன்று போனது. ஆதிரை என் பக்கம் திரும்பி, கைகளால் நீளமாக ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. வெளியூர்க்காரனுக்குச் சொல்வதுபோல் மெதுவாக மறுபடி சொன்னாள். அப்போதும் புரியவில்லை. அங்கே வந்திருந்த, தன்னுடன் படிக்கும் மலாய்ச் சிறுமியிடம் ஓடி அதையே சொன்னாள். அவள் உடனே சிரித்தாள், இருவரும் கப்பலைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். கையிலிருந்த போனில், வீடியோ அழைப்பில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஆவலாகக் கேட்டாள்.

"பாப்பா என்னடா சொல்றா?"

"தெரியலக்கா" என்றேன்.