தாங்கியில் உட்கார்ந்து பார்த்தவர்

பள்ளிக்கூடத்தில் அதிகம் இருக்காதவன் நான். ஆனாலும் சொந்த உழைப்பில் மூன்று வள்ளம் வாங்கினேன். மூன்றையும் ஒவ்வொன்றாக என் சின்ன வான் வண்டியின் பின்கொக்கியில் மாட்டித்தான் இழுத்தேன். தம்பலகாமத்தில் வேலை கிடைத்த மகளையும் அவளுடைய மோட்டார் சைக்கிளையும் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. சைக்கிளை ஏற்ற, அந்தக் கொக்கியில் பூட்டும் இரும்புத் தாங்கி ஒன்றைத் துறைமுக வீதிக் கடையில் தெரிந்தெடுத்தேன். கடைக்காரர் பூட்டியும் விட்டார்.

அங்கே உட்காரக் கதிரை வாங்க வந்த பெருத்த மனிதர் ஒருவர், ஒவ்வொரு கதிரையிலும் உட்கார்ந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழும்பிக்கொண்டிருந்தார். அப்படியே வெளியே வந்து, தாங்கி எதற்கென்று என்னிடம் கேட்டுவிட்டு அதிலும் உட்கார்ந்தார். வானின் மூக்கு மேலே எழும்பியது.

"ஐயா, மோட்டார் சைக்கிள் என்னிலும் பாரம். வானின்ரை முன்சில்லு நிலத்திலை பிடிக்காது," என்றார்.

"இந்தக் கொக்கி வள்ளமே இழுத்தது, தெரியுமோ?"

"ஓம், இழுத்தது. சுமந்ததோ? அந்த வள்ளம் ஏத்தின ட்ரெயிலர் எங்கை?"

அது வீட்டில் சும்மா நின்றது!

அதிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். கண்டி வீதியில் யானை குறுக்கே வந்து சட்டென்று பிரேக் பிடித்தபோது வான் நேராக நின்றது. பக்கத்தில் இருந்த மகள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த மனிதரைத் தாங்கும் கதிரை ஒன்று கிடைத்திருக்க வேண்டும்.