கண்ணில் ஒற்றிய பந்து

இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் கடலோர ஊரில், சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் ஒரு பழைய கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மைதானம் என்றதும் சமதளத்தை நினைத்துவிட வேண்டாம். மேட்டை வெட்டவில்லை, பள்ளத்தைத் தூர்க்கவில்லை. குன்று கிடந்தபடியே விட்டு, அங்கங்கே குழி தோண்டிக் கொடி நட்டிருக்கிறார்கள். புல் தேய்ந்த இடத்தில் நடந்தால் செருப்பில் கோலமாவு மாதிரி வெள்ளை ஒட்டும். விளிம்பில் நின்றால் கீழே கடல். இவ்வளவு அழகான இடத்தைக் கெடுக்காமல் விட்டவர்களுக்கு ஒரு கும்பிடு.

நான் கச்சிராயபாளையம். என் வீட்டுக்காரர் கல்வராயன் மலைக்காரர். காதலித்துக் கட்டிக்கொண்டோம். கரும்புக்காரரான என் அப்பா அவரிடம் பேசுவார். ஆனால் ஒருநாளும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. அது எனக்குள் முள்ளாகவே இருந்தது.

சாமை விதைக்கும் சரிவில் வளர்ந்த கால் அல்லவா, இந்த ஆட்டம் அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. போன வருடம் அந்த மைதானத்து மன்றம் நடத்திய போட்டியில் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார். ஜெயித்தால் அங்குள்ள மரப்பலகையில் பொன்னெழுத்தில் பெயர் ஏறும். அதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று நான் துடித்தேன்.

அவருடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுபவருக்கு வெற்றி. கடைசிக் குழி வரை இருவரும் சமம். அவர் அடித்த பந்து ஒரு மேட்டுக்குப் பின்னால் விழுந்தது. முதலில் போன என் கால் அதன்மேல் பட்டுவிட்டது. புத்தகத்திலோ அரிவாளிலோ கால் பட்டால் சும்மா போவோமா? யோசிக்காமல் பந்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். எதிராளியான பெரியவர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார். என் பின்னால் வந்த வீட்டுக்காரர் மட்டும் பார்த்தார்.

பை தூக்குகிறவர் பந்தை எடுத்தால் ஓர் அடி தண்டமாகக் கணக்கில் கூடுமாம். நடுவர் கிடையாது, அவரவர் தப்பை அவரவரே சொல்வது அங்கே வழக்கம். இவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேடேறிப் பெரியவரைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த ஓர் அடியில் தோற்றார்.

காரில் எனக்கு அழுகையும் கோபமும். "அவரு பாக்கவே இல்லியே, இன்னாத்துக்குங்க சொன்னீங்க?"

"பாத்திருந்தா அவரே சொல்லியிருப்பாரு. பாக்கலன்னுதான் நான் சொன்னேன்."

அந்த வருட ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனோம். டிராக்டருக்கும் மண்வெட்டிக்கும் அப்பா சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பந்தை வைத்தேன்.

"இன்னாம்மா இது, கெலிச்ச பந்தா?"

"தோத்ததுப்பா" என்று நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்தவர் சந்தனக் கிண்ணத்தை வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார்.

"இதுக்கு நீங்களே வையிங்க, மாப்ள."