ஒத்திகையில ஒம்பதாம் நம்பர்

ஜீவனஹள்ளி தியோடர்னா ரெண்டு விஷயத்துக்குப் பேரு. ஒண்ணு மீசை, இன்னொண்ணு காது. பக்கத்துத் தெருவுல கோழி கூவினாக்கூட யாரு வீட்டுக் கோழின்னு சொல்லிடுவாரும்பாங்க. அவரு சம்சாரம் மௌரீன் மட்டும் ஒத்துக்க மாட்டாங்க. "நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது அடைச்சிக்கும்"னு சர்ச் வாசல்லயே நின்னு சொல்லுவாங்க.

தியோடரோட அப்பா ஒரு கர்னல் வீட்டுல குதிரை தேய்ச்சவரு. பாதிரியார் கையைக் காலைப் புடிச்சு புள்ளைய எட்டாவது வரைக்கும் படிக்க வெச்சாரு. மொத யுத்தத்துல தியோடர் தந்தி அடிக்கிற வேலைக்குச் சேந்து பாஸ்ரா வரைக்கும் போனாரு. திரும்பி வரச்சே கூடவே ஒரு மெடலும் வயித்துப்போக்கும் வந்துச்சு. மெடலை ரெண்டு வருஷத்துல தொலைச்சிட்டாரு. இன்னொண்ணு கடைசி வரைக்கும் விடல.

அப்புறம் இருபது வருஷம் தந்தி ஆபீஸு. ரெண்டாவது யுத்தம் வந்து, ஜப்பான்காரன் இன்னைக்குக் குண்டு போடுவான் நாளைக்குப் போடுவான்னு ஊரே ஜன்னல் கண்ணாடியில காகிதம் ஒட்டிக்கிட்டிருந்தப்போ, கன்டோன்மென்டுல போலீஸுக்கும் தீயணைப்புக்கும் சேத்து ஒரு வயர்லெஸ் ரூம் தொறந்தாங்க. தியோடரை அங்க ஒக்கார வெச்சாங்க. பென்ஷன் உள்ள வேலை. அந்தப் பரம்பரையில பென்ஷன்கிற வார்த்தைய வாய் நெறையச் சொன்ன மொத ஆளு அவருதான்.

ஊரு அப்போ இருந்த லட்சணம் இன்னைக்கு இருக்கிறவங்களுக்குத் தெரியாது. பெங்களூரு ஒண்ணுதான், கவர்மென்ட்டு ரெண்டு. கன்டோன்மென்ட்டு வெள்ளைக்காரன் கையில, சிட்டி மைசூர் சமஸ்தானத்துக் கையில. நடுவுல ரயில் ரோடு. இந்தப் பக்கத்துப் போலீஸ்காரன் திருடனைத் தொரத்திக்கிட்டுப் போனா எல்லையில நின்னு மூச்சு வாங்கிட்டுத் திரும்பிடணும். திருடனும் அந்தாண்ட நின்னு மூச்சு வாங்குவான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே வாங்குவாங்க.

சிட்டிலயும் இதே மாதிரி ஒரு வயர்லெஸ் ரூம். பேசறதுக்கு ரேடியோ அலை வேணுமே, இவங்க ஒரு ஆபீஸ்ல எழுதிக் கேட்டு வாங்கினாங்க, அவங்க வேறொரு ஆபீஸ்ல கேட்டு வாங்கினாங்க. கடைசியில பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே அலை. இவங்க பேசறச்சே அவங்க வாயைப் பொத்திக்கணும். ரெண்டு பேரும் சேந்து பேசினா கொய்யுன்னு ஒரு கூச்சல் மட்டும்தான் வரும், ஒரு எழுத்து புரியாது.

சிட்டி ரூம்ல இருந்தவரு சேஷகிரி ஐயர். மூணு தலைமுறையா சமஸ்தானத்துச் சேவகம். மொத வாரம் பூரா ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்தி, தொண்டை கட்டி, அப்புறம் தங்களுக்குள்ளயே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. ஒவ்வொரு மணியிலயும் மொத அரை மணி கன்டோன்மென்டுக்கு, அடுத்த அரை மணி சிட்டிக்கு. எழுத்துல கிடையாது, மேல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். யுத்த காலத்துல உத்தரவு இல்லாம இன்னொரு கவர்மென்ட்டு ஸ்டேஷனோட பேசறது சாதாரணக் குத்தமில்ல. போன மாசம்தான் ஒரு டெலிபோன் கிளார்க்கு, மச்சானோட பட்டாளம் எங்க போகுதுன்னு சந்தையில உளறிட்டு ஆறு மாசம் உள்ள போயிருந்தான்.

ஆனாலும் கை மாத்தற நேரத்துல ரெண்டு வார்த்தை ஓடும்.

"ஓய் தியோடரே, உங்க பக்கம் மழையா?"

"தூறலு, ஐயரே. உங்க பக்கம் இல்லையா?"

"உத்தரவு வரலையே ஓய், எப்படிப் பெய்யும்?"

இப்படிச் சிரிச்சிக்கிட்டிருந்தாலும் தியோடருக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். "எங்கயாவது நெசமா பத்திக்கிச்சுன்னா நாம ரெண்டு பேரும் ஒண்ணா கத்துவோம் ஐயரே. ஒரு வண்டி கூட கெளம்பாது"ன்னு ஒரு நாள் சொன்னாரு. அன்னையிலேருந்து ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமா பேசி ஒரு திட்டம் எழுதினாங்க. ஏழு பக்கம். கன்டோன்மென்டுக்கு ஒரு அலை, சிட்டிக்கு ஒண்ணு, தங்கவயலுக்கு ஒண்ணு, ஆனேக்கல் எல்லைக்கு ஒண்ணு. இது போக ஒரு அலை சும்மாவே கெடக்கணும். அதுல யாரும் எதுவும் பேசக்கூடாது. உசுரு போற சமாச்சாரத்துக்கு மட்டும். அந்த அலையில யாரு கூப்பிட்டாலும், எந்தக் கவர்மென்ட்டுன்னு கேக்காம வண்டி கெளம்பணும்.

தியோடர் தன் பேரைப் போட்டுக் கொண்டுபோய், அந்த ரூமுக்கு மேலதிகாரியா இருந்த வெள்ளைக்கார துரை மேஜையில வெச்சாரு. துரை மொத வரியப் படிச்சாரு. "சும்மா கெடக்கறதுக்கு ஒரு அலையா? யுத்தம் நடக்கறச்சே?"ன்னு டீக்கோப்பையத் தூக்கி அது மேல வெச்சாரு. அப்புறம் மூணு மாசம் அந்தக் காகிதத்துக்குக் கோப்பையத் தாங்கறதுதான் உத்தியோகம்.

நாப்பத்தி மூணு பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை. குண்டு விழுந்தா என்ன பண்ணணும்னு கன்டோன்மென்டுல பெரிய ஒத்திகை. சங்கு ஊதுனதும் அங்கங்க இருந்து பொய்ச் சேதி வரும். சர்ச் இடிஞ்சுது, மார்க்கெட்டு எரியுதுன்னு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போட்டு அட்டையில எழுதி, சுவத்து மேப்புல ஒரு செவப்பு ஊசி குத்தணும். அவ்வளவுதான். வண்டி கெளம்பாது. பெட்ரோல் பஞ்சம். வண்டிக்காரங்க வெளிய நெழல்ல ஒக்காந்து சீட்டு ஆடிக்கிட்டிருந்தாங்க.

இந்த ஒத்திகை பத்தி சிட்டிக்கு மொறைப்படி சொல்லல. எந்தக் கவர்மென்ட்டு எந்தக் கவர்மென்ட்டுக்கு மொதல்ல கடுதாசு எழுதறதுன்னு இழுபறி. மொத நாள் சாயந்திரம் சேஷகிரியே கேட்டாரு: "நாளைக்கு என்னமோ சங்கு ஊதப் போறேளாமே? எங்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் வரலையே, ஓய்." ஆக, சிட்டி ஒத்திகையில இல்லைங்கறது அந்த ரூம்லயே தெரிஞ்ச ஒரே ஆளு தியோடர்தான். அவருக்குத் தெரியும்கறதும் யாருக்கும் தெரியாது.

காலையில பத்தே கால். எட்டு ஊசி குத்தியாச்சு. துரை பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு உலாத்திக்கிட்டிருந்தாரு. கன்டோன்மென்ட்டு அரை மணி நேரம் அது. நடுவுல பூந்து சேஷகிரி குரல் வந்துச்சு, இங்கிலீஷ்ல. ஸ்ரீராம்புரம் ரயில் ரோட்டோரம் பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கிற ஷெட்டு எரியுது, உள்ள பொம்பளைங்க இருக்காங்க, எங்க வண்டி அச்சு முறிஞ்சு கெடக்கு, உங்க வண்டிய அனுப்புங்க.

"பலே! சிட்டிக்காரனும் ஆட்டத்துக்கு வந்துட்டான்"னு துரை கை தட்டினாரு. "ஒம்பதாம் நம்பர் போடு."

தியோடர் பேனாவை எடுத்தாரு. "சார், 'ஒத்திகை'ன்னு மொதல்ல சொல்லணுமே, அவரு சொல்லலைங்களே?"

"மறந்திருப்பான். சிட்டிக்காரன்தானே. எழுது."

ஒம்பதுன்னு எழுதினாரு. ஊசி குத்தினாங்க. மறுபடியும் குரல். இந்தத் தடவை தமிழு.

"ஓய் தியோடரே! காதுல விழறதா? இது வேஷமில்லங்காணும், நெசம்! வெளிய பூட்டியிருக்கு, உள்ள கத்தறா. உமக்குத் தெரியாதா எங்களுக்கு ஒத்திகை இல்லேன்னு? வண்டிய அனுப்பும்யா!"

துரை திரும்பினாரு. "உன் பேரைச் சொல்றான் போலிருக்கே? அவனை உனக்குத் தெரியுமா?"

அந்த எடத்துல தியோடர் வாயைத் தொறந்திருக்கணும். நெசம்தான் சார்னு ரெண்டு வார்த்தை. ஆனா அடுத்த கேள்வி என்னன்னு அவருக்குத் தெரியும். சிட்டிக்கு ஒத்திகை இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா? எப்போ பேசின? எத்தனை நாளா? டெலிபோன் கிளார்க்கு கண்ணு முன்னாடி வந்து நின்னான். அவன் பக்கத்துல பென்ஷனும் நின்னுச்சு.

"தெரியாதுங்க சார். பேரு எங்கயாவது கேட்டிருப்பாரு. நெருப்பு பெருசுன்னு சொல்றாருங்க."

"நல்லாத்தான் நடிக்கிறான்"னாரு துரை.

சேஷகிரி இன்னும் ரெண்டு தடவை கூப்பிட்டாரு. அதுக்குள்ள மார்க்கெட்டுலேருந்து பத்தாம் நம்பர் பொய்ச் சேதி அது மேலயே வந்து விழுந்துச்சு. கொய்யுன்னு கூச்சல். தியோடர் பதினொண்ணு எழுதினாரு, பன்னெண்டு எழுதினாரு. ஜன்னல் வழியா மேக்கால கறுப்பா ஒரு பொகை எழும்புச்சு. துரை பாத்துட்டு, "பொகை கூட போட்டுட்டானே! இவனைப் பாத்து நம்ம ஆளுங்க கத்துக்கணும்"னாரு.

தியோடர் நாக்காலியத் தள்ளிட்டு எழுந்தாரு. "சார், அது நெசம்."

"எப்படித் தெரியும்?"

அப்பவும் உண்மை வரல. "மெழுகுத்துணி வாசனை சார். கூடாரத்துணிதான் அப்படி நாறும். பாஸ்ரால மோந்திருக்கேன்."

ஜன்னல் சாத்தியிருந்துச்சு.

துரை தலையாட்டி, வண்டி கெளம்பறச்சே மொதல் சேதி வந்து பதிமூணு நிமிஷம் ஆயிருந்துச்சு. போக நாலு நிமிஷம்தான். துணி திருடு போகுதுன்னு மேஸ்திரி வெளிப்பக்கம் பூட்டு போட்டிருந்தான். கோடாலியால ஒடைச்சாங்க. முப்பது பேர்ல பத்தொம்பது பேரு உசுரோட வெளிய வந்தாங்க. கடைசியா வந்த நாலு பேரு, செத்த பதினோரு பேரும் கூரை விழற வரைக்கும் கதவைத் தட்டிக்கிட்டுதான் இருந்தாங்கன்னு சொன்னாங்க. கூரை விழுந்தது வண்டி வரதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி.

விசாரணை வெச்சாங்க. ரெண்டு கவர்மென்ட்டும் சேந்து ஒக்காந்த மொதக் கூட்டம் அதுதான், டீயும் கேக்கும் பிரமாதம்னு பேச்சு. தியோடரைக் கேட்டாங்க: "சிட்டி ஆபரேட்டர் தமிழ்ல என்ன சொன்னாரு?"

"கூச்சல்ல சரியா விழலைங்க."

கோழிக் கூவலுக்கு வீடு சொன்ன காது. மௌரீன் பின்னாடி பெஞ்சில ஒக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க தட்டுல சோறு போட்டு வெச்சிட்டு உள்ள போயிட்டாங்க.

அடுத்தவன் அலையில உத்தரவில்லாம நொழைஞ்சாரு, சேதிய மொறைப்படி சொல்லலைன்னு சேஷகிரிய வேலைய விட்டு எடுத்தாங்க. ரெண்டு மாசத்துல ஒரு திட்டமும் வந்துச்சு. ஊரு ஊரா அலை பிரிச்சு, அவசரத்துக்கு ஒரு அலை சும்மா விட்டு, ஏழு பக்கமும் வரி மாறாம. மேல துரை பேரு. தியோடருக்குப் பதவி உயர்வு. அந்த சும்மா கெடக்கற அலையக் காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறதுதான் வேலை. யாரு கூப்பிட்டாலும் கேள்வி கேக்காம வண்டி போச்சு. நல்ல திட்டம், அதுல சந்தேகமில்ல.

சேஷகிரி ஒரு நாள் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுல வழி மறிச்சாரு. சட்டை காலர் கிழிஞ்சிருந்துச்சு.

"நான் தமிழ்ல என்ன சொன்னேனோ அதை ஒரு வரி எழுதித் தாரும் ஓய். உம்மைத் திட்ட வரலை. அப்பீல் போடணும்."

"நாளைக்குத் தரேன் ஐயரே."

நாளைக்குங்கறது நாலு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை சேஷகிரி சம்சாரம் பாகீரதி அம்மா வெள்ளைக் காகிதமும் பேனாவும் அவங்களே எடுத்துக்கிட்டு ஜீவனஹள்ளிக்கு வந்தாங்க. மடி ஆசாரம் பாக்கற குடும்பம். மௌரீன் குடுத்த காப்பியக் குடிச்சாங்க. தெருவே அதைத்தான் ஒரு மாசம் பேசுச்சு. அவங்க அந்த வீட்டுல காப்பி குடிக்கற அளவுக்கு வந்துட்டாங்கன்னா வீட்டு நெலமை என்னன்னு யாரும் பேசல. தியோடர் அப்போ பின்கட்டுல, விறகு அடுக்குக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தாரு.

"இருக்காரா?"

"இருக்காரு"ன்னாங்க மௌரீன், பின்பக்கம் கேக்கறாப்பல. "வர மாட்டாரு."

சேஷகிரி சந்தாபுரா பக்கம் ஒரு ரேஷன் கடையில எடை போடற வேலைக்குப் போனாரு. நாப்பத்தி ஆறுல அங்கயே நிமோனியாவுல போயிட்டாரு.

நாப்பத்தி ஏழுல துரை கப்பலேறினாரு. கன்டோன்மென்டும் மைசூர் கைக்கு வந்துச்சு. தியோடருக்குப் பென்ஷன் வர ஆரம்பிச்சுது. மொத மாசம் வாங்கின கையோட ஒக்காந்து எழுதினாரு. ஒரு வரி இல்ல, மூணு பக்கம். ஏற்பாடு, பேச்சு, பேரைக் கூப்பிட்டது, ஜன்னல் சாத்தியிருந்தது, எல்லாம். பாகீரதி அம்மாகிட்ட கொண்டுபோனாரு.

அந்த அம்மா கதவுக்கு உள்ளயே நின்னு படிச்சாங்க. மடிச்சுத் திருப்பிக் குடுத்தாங்க.

"இது அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கு எதுக்கு? ஆபீஸ்ல குடுங்கோ."

ஆபீஸ்ல மதலைமுத்துன்னு ஒரு கிளார்க்கு, வாய்த்துடுக்கு. மூணு பக்கமும் படிச்சான்.

"ஐயா, எந்த கவர்மென்ட்டு ஃபைல்ல இதைப் போடறது? ரெண்டுமே இப்ப பழையபடி இல்ல. துரை இல்ல, ஐயரு இல்ல, விசாரணை பண்ணவங்க இல்ல."

"நான் இருக்கேனே தம்பி."

"அதான் கஷ்டம்"னு சீல் குத்தி உள்ள வெச்சான்.

தியோடர் மாசாமாசம் பென்ஷன் வாங்கற அன்னைக்கே அந்த மேஜைக்கும் போவாரு. "என் மேல நடவடிக்கை ஏதாச்சும் எடுத்தாங்களா?" மதலைமுத்து கேலி பண்ணுவான். "உங்க வயசுல இங்க வரவங்கல்லாம் பென்ஷன் ஏன் கொறைஞ்சுதுன்னு கேக்கறாங்க. நீங்க ஏன் கொறையலைன்னு கேக்கறீங்க. வூட்டுக்குப் போங்க ஐயா."

ஒரு தடவை தியோடர் போகல. பெஞ்சில ஒக்காந்து, சாயந்திரம் கதவு சாத்தற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தாரு. மதலைமுத்துக்கே என்னமோ மாதிரி ஆயி, உள்ள போய்த் தேடி எடுத்துட்டு வந்தான். மூணு பக்கத்து மேலயும் யாரோ மேலதிகாரி ஒரே வார்த்தை எழுதியிருந்தாரு. 'பார்த்தேன்.'

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஐயா."

நாப்பத்தி ஒம்பது ஐப்பசி மழையில தியோடர் செத்தாரு. சாவுக்கு வந்தவங்க பெட்டிகிட்ட நின்னு, நல்ல மனுஷன், ஒரு கெட்ட பேரு வாங்காம போயிட்டாருன்னாங்க. மௌரீன் கேட்டுக்கிட்டே நின்னாங்க. அடுத்த மாசம் குடும்பப் பென்ஷன் கேக்கறதுக்கு அதே மேஜைக்குப் போனாங்க. மதலைமுத்து ஃபாரத்தை நீட்டினான்.

"அந்த மூணு பக்கத்தைத் திருப்பி எடுத்துக்கறீங்களாம்மா? உங்களுக்கு வர பென்ஷனுக்கு எடைஞ்சல் ஆயிடப் போகுது."

"வேணாம்"னாங்க மௌரீன். "இருக்கட்டும்."