அத்தாவின் கபுரருகே நான் நிற்காத நேரம்

அளவற்ற அருளாளனின் பெயரைச் சொல்லி எழுத உட்கார்ந்தேன். நான்கு நாட்களாக உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். எங்கள் அத்தா மவுத்தாகி ஓராண்டு நிறைவதையொட்டி இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. அத்தாவின் பெருமைகளை மூத்த மகன் எழுத வேண்டும் என்பது என் தங்கையின் கட்டளை. எழுதுகிறேன். அதோடு என் பயத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதை மறைத்துக்கொண்டு அத்தாவுக்காக துஆ செய்யுங்கள், இறைவனிடம் வேண்டுங்கள் என்று உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அத்தா பிறந்தது தேக்காவில், ஒரு கடைவீட்டின் மாடியில். ஒன்பது வயதில் தகப்பனை இழந்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தாய்மாமாவின் ஆட்டுக்கறிக் கடையில் போய் நின்றார்கள். அன்று பிடித்த கத்தியை எழுபது வயதில்தான் கீழே வைத்தார்கள். கோபக்காரர்தான், ஆனால் கறி வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டலம் போகும். யார் அனுப்பியது என்று கொண்டு போகிறவன் சொல்லிவிட்டால் அவனுக்கு வசவு நிச்சயம். பாசிர் ரிஸ்ஸில் வீடு வாங்கினார்கள். எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள். அம்மா படுக்கையில் கிடந்த ஆறு ஆண்டுகளும் அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டது அத்தாதான். எலும்பை ஒரே வெட்டில் துண்டாக்கும் அந்தக் கை, சிக்கெடுக்கும்போது அம்மாவுக்கு வலித்ததே இல்லை.

அந்த மனிதருக்கு இருந்தது ஒரே ஒரு பயம். கபுருடைய பயம், அடக்கக் குழியின் பயம்.

முஸ்லிம் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிப் போகும்போது, மண்ணுக்குள் இருக்கும் மய்யித்துக்கு அந்தக் காலடிச் சத்தம் கேட்கும் என்பது எங்கள் நம்பிக்கை. பிறகு இரண்டு மலக்குகள், வானவர்கள், வருவார்கள். உன் இறைவன் யார், உன் நபி யார், உன் மார்க்கம் எது என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் நா குழறாமல் பதில் சொல்ல, மேலே நிற்பவர்கள் துஆ கேட்க வேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவர், ஓர் ஒட்டகத்தை அறுத்துக் கறியைப் பங்கு வைக்கிற நேரம் வரைக்கும் என் கபுரருகே நில்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டாராம். பள்ளிவாசல் சொற்பொழிவான பயானில் இதைக் கேட்டவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். கறிக்கடைக்காரரான என் அத்தா மட்டும் நேரத்தைக் கணித்துக்கொண்டு வந்தார்கள்.

“ஒரு ஆட்ட உரிச்சுப் பங்கு வைக்க எனக்கு முக்கா மணி நேரம் போதும். ஒட்டகம்னா எப்படியும் ரெண்டரை மணி நேரம் ஆகும்டா.”

“நல்ல கத்தியா இருந்தா சீக்கிரம் முடிஞ்சிரும்லத்தா?” என்று சிரித்தேன்.

அத்தா சிரிக்கவில்லை. “எல்லாரும் போனப்புறம் நீ நில்லு. ரெண்டரை மணி நேரம். உன் கொரல் கேட்டுக்கிட்டே இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.”

“நிக்கிறேன்த்தா” என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தவன் யார் தெரியுமா? லிஃப்டில் விளக்கு சிமிட்டினால் பயம் போக ஆயத்துல் குர்ஸியை உரக்க ஓதுகிற ஆள். அப்போதே எனக்கு வயது நாற்பத்தைந்து!

சிறுநீரகம் கைவிட்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அத்தா கண்ணை மூடினார்கள். மறுநாள் ஜும்மா தொழுகைக்குப் பின் சுவா சூ காங் மையவாடியில் அடக்கம். இமாம் துஆ ஓதி முடித்ததும் கூட்டம் பஸ்ஸை நோக்கி நடந்தது. தங்கையின் கணவர் கூப்பிட்டார். “நீங்க போங்க மச்சான், நான் அப்புறமா வர்றேன்” என்று சொல்லிவிட்டு குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தைத் திறந்தேன்.

வானம் இருண்டுகொண்டு வந்தது. கடைசி ஆளின் காலடிச் சத்தம் சரளைக்கல்லில் தேய்ந்து நின்றது. எனக்கே கேட்கிறது என்றால் அத்தாவுக்கும் கேட்டிருக்கும். இப்போது வருவார்கள், என் காலுக்குக் கீழே, இதோ வந்துவிட்டார்கள் என்று தோன்றியதுதான் தாமதம், எழுத்தெல்லாம் கண்முன் குதித்தது. மூன்றாவது வசனத்தைத் தாண்ட முடியவில்லை. ஓடினேன். ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடிப்போய், புறப்பட்ட பஸ்ஸின் கதவைத் தட்டி ஏறினேன். நான் நின்றது பத்து நிமிடம்கூட இருக்காது.

“நல்லா துஆ கேட்டீங்களா மச்சான்?”

“கேட்டேன்” என்றேன். அது பொய்.

அதன் பிறகு இந்த ஓராண்டில் நான் செய்ததையெல்லாம் நீங்கள் பார்த்தீர்கள். அத்தாவின் பெயரில் உம்ரா யாத்திரை செய்தேன். நோன்பு மாதம் முழுவதும் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றினேன். தண்ணீர் இல்லாத ஊரில் கிணறு வெட்டக் கொடுத்தேன். குர்ஆன் ஓதி முடித்து ஓதி முடித்து அதன் நன்மையை அத்தாவுக்குச் சேர்த்தேன். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என் முதுகில் தட்டினீர்கள். ஒவ்வொரு தட்டும் எனக்கு அடிதான். அத்தனையும் பயத்தில் செய்தது. தெம்பனிஸ் பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாதிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன்.

“துஆவுக்கு நேரம் தாண்டிப் போச்சுன்னு ஒண்ணு கெடையாது. புள்ள கேக்குற துஆ எப்பவும் போய்ச் சேரும். அல்லாஹ்வோட கருணைய நீங்க சின்னதா நெனைக்காதீங்க” என்றார்.

புத்திக்கு எட்டியது. பயம் விடவில்லை. குளிக்கும்போது கண்ணை மூடினால்கூட, அந்த இருட்டில் அத்தா என் குரலைத் தேடுகிறார்களோ என்று கலங்கும்.

இரண்டு வாரத்துக்கு முன், இந்த மலருக்குப் படம் கேட்டு மாணிக்கம் மாமாவிடம் போனேன். தேக்கா ஈரச்சந்தையில் அத்தாவின் கடைக்கு எதிரே காய்கறி விற்கிறவர். நாற்பது ஆண்டுப் பழக்கம். நெற்றி நிறையத் திருநீற்றோடு, அத்தா சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“தெரியும் தம்பி. ஒத்தக் கால்ல செருப்பில்லாம ஓடுனியே, பாத்தேன்” என்றார்.

“எங்கேருந்து மாமா?”

“அங்க மரத்தடியில நின்னேன் லா. பாய் ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு. ‘மாணிக்கம், என் மகன் நல்லவன், ஆனா ரொம்பப் பயந்தவன். அவன் ஓடிட்டான்னா நீ போய் நில்லு. அவன்கிட்ட இதச் சொல்லாத, ஒடஞ்சி போயிருவான்’னு. அதான் ஒரு வருஷமா வாயத் தொறக்கல.”

நான் வெங்காய மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

“எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“பாய் சொன்ன ரெண்டரை மணி நேரம். நல்ல மழை வேற.”

“என்ன சொன்னீங்க?”

“உங்க ஓதல் எனக்கு என்ன தெரியும்? எனக்கும் உள்ளுக்குள்ள ஒதறல்தான். ‘பாய், மாணிக்கம் இருக்கேன். பயப்படாதீங்க. தம்பி இப்ப வந்துரும்’னு சொன்னேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

மறுநாள் காலையிலேயே மையவாடிக்குப் போனேன். “அத்தா, வந்துட்டேன்” என்றேன். யாசீன் ஓதினேன். புல் அசைந்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. அத்தா சொன்ன நேரம் முழுவதும் நின்றேன்.

அத்தாவைக் கவனித்துக்கொண்ட தாதியருக்கும், குளிப்பாட்டிக் கஃபன் துணி இட்டவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், கஞ்சி காய்ச்சக் கூட நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. மாணிக்கம் மாமாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இந்த மலரை மூடி வைக்கும் முன் அத்தாவுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள். ஓதத் தெரியாதவர்கள் உங்களுக்குத் தெரிந்த விதத்தில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

என் துஆ இதுதான். யா அல்லாஹ், அன்றைக்கு என் அத்தா பதில் சொல்லத் திணறியிருந்தால், அது என் குரல் கேட்காததால் வந்த திணறல். அதற்காக அவர்களைப் பிடிக்காதே. என்னைப் பிடி. இந்த முறை நான் ஓட மாட்டேன்.